கை முதலில், வாய் பிறகு

பருப்பு சாதம் பிசைந்து ஒரு மணி நேரம் ஆகிறது. தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த செல்போனில் கார்ட்டூன் ஓடுகிறது. படத்தில் லயித்துக் குழந்தை வாய் பிளக்கும் நொடி பார்த்து அம்மா ஒரு கவளத்தை உள்ளே தள்ளுகிறார். அது கன்னத்தில் அதங்கி அப்படியே நிற்கிறது. "முழுங்கு கண்ணா, இன்னும் ஒரே ஒரு வாய்." அடுத்த கவளத்துக்கு ஓங்கரிப்பு வருகிறது, அதற்கு முன் உள்ளே போனதும் சேர்ந்து வெளியே வந்துவிடுகிறது. "நம்ம வீட்டுப் பிள்ளைங்க யாரும் இப்படிப் பண்ணினதில்ல" என்கிறார் பாட்டி. அம்மாவுக்குக் கண் கலங்கிவிடுகிறது.

அந்த அம்மாவுக்கு வளர்க்கத் தெரியவில்லை என்பதோ, அந்தக் குழந்தை அடம் பிடிக்கிறது என்பதோ உண்மையில்லை. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதில் ஏறக்குறைய ஒன்பது கிலோ இருக்கும். அடுத்த ஒரு வருடம் முழுக்கக் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி நிதானமானால் பசியும் குறையத்தான் செய்யும். ஒன்றரை, இரண்டு வயதில் பழகாத உணவைக் கண்டு மிரளும் குணமும் வந்து சேர்கிறது. "போன மாசம் வரைக்கும் நல்லா சாப்பிட்டான்" என்று பெற்றோர் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் இவ்வளவுதான். பல குழந்தைகள் தாமாகவே இதைக் கடந்துவிடுவார்கள்.

சிலரால் முடிவதில்லை. அவர்களுடைய மறுப்பில் காரணம் ஒளிந்திருக்கும். குறைமாதத்தில் பிறந்து வாரக்கணக்கில் மூக்குக் குழாய் வழியாகப் பால் குடித்த குழந்தைக்கு, வாய் என்றாலே குழாயும் பிளாஸ்டரும்தான். இரைப்பை அமிலம் மேலேறும் குழந்தைக்குச் சாப்பாட்டோடு எரிச்சலும் வருகிறது. மலச்சிக்கல், பால் ஒவ்வாமை, மெல்லுவதற்கு வேண்டிய வலு நாக்கிலும் தாடையிலும் இல்லாதது, ஒருமுறை தொண்டையில் சிக்கி மூச்சுத் திணறிய பயம் என்று காரணங்கள் பல. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்கு உணவின் மணமும் பதமும் நம்மைவிடப் பல மடங்கு உறைக்கும். உணவைத் தவிர்ப்பது ஒரு கோளாறாகவே முற்றக்கூடும் என்பதை ஏற்று, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் தன் கையேட்டில் அதற்குத் தனிப் பெயர் தந்தது. சுருக்கமாக ஆர்ஃபிட் என்பார்கள்.

இப்படிப்பட்ட குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு திணித்தால் என்ன ஆகும்? பயந்த உடலில் பசி அடங்கிவிடும். தட்டைப் பார்த்ததுமே பயம் வரும். நாம் ஊட்டிய ஒரு வாய், அடுத்து அது தானாகச் சாப்பிட்டிருக்கக்கூடிய பத்து வாயைப் பறித்துவிடும்.

அமெரிக்க உளவியலாளர் கே டூமி, சாப்பிடுவதை 32 படிகளாகப் பிரித்தார். உணவு இருக்கும் அறையில் உட்காருவது, அதைப் பார்ப்பது, மணத்தைத் தாங்குவது, விரல் நுனியால் தொடுவது, பிறகு உள்ளங்கை, கன்னம், உதடு, பல், நாக்கு என்று ஏறிப்போகும் அந்த வரிசையில் மென்று விழுங்குவது கடைசிப் படி. நாமோ முதல் நாளே அந்தக் கடைசிப் படியில் ஏறச் சொல்கிறோம்.

சிகிச்சை அறையில் இது எப்படி நடக்கும்? இட்லி, தயிர்சாதம், பால், பிஸ்கட் தவிர எதையும் தொடாத மூன்று வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். தரையில் பாய். நடுவே ஒரு தட்டில் நீளவாக்கில் நறுக்கி, விரலால் அழுத்தினால் நசுங்கும் அளவுக்கு வேகவைத்த கேரட். பக்கத்தில் ஒரு பொம்மை லாரி. கேரட் துண்டுகள்தான் இன்று மரக்கட்டைகள். முதலில் இடுக்கியால் எடுத்து ஏற்றுகிறான். இடுக்கி வழுக்கவே, தன்னையறியாமல் விரலால் எடுக்கிறான். ஈரம் பட்டதும் கையை உதறுகிறான்; பக்கத்தில் துணி இருக்கிறது, துடைத்துக்கொள்ளலாம். சிகிச்சையாளர் ஒரு துண்டை மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் வைத்து மீசை காட்டுகிறார். சிரித்துக்கொண்டே அவனும் மீசை வைக்கிறான். கேரட் உதட்டைத் தொட்டாயிற்று, மணமும் ஏறியாயிற்று. அடுத்த வாரம் பல்லால் கடித்துத் தடம் பதிக்கும் விளையாட்டு. பிடிக்காவிட்டால் துப்பக் கிண்ணம் இருக்கிறது. அவன் நக்கிப் பார்க்கும்போது யாரும் கைதட்டி ஆர்ப்பரிக்க மாட்டார்கள். பாராட்டும் ஒரு நெருக்கடிதான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இது நமக்கு அந்நியமான வித்தையல்ல. சொப்புச் சாமானை வைத்துக்கொண்டு பிள்ளைகள் கூட்டாஞ்சோறு ஆக்கிய திண்ணைகளில், வீட்டில் தொடாததையும் சாப்பிட்டார்கள். 'சாப்பிடு' என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நிலாவைக் காட்டி ஊட்டியதும் கவனத்தைத் திருப்பும் வேலைதானே என்று கேட்கலாம். நிலாவைக் காட்டும்போது அம்மாவின் முகமும் குரலும் பக்கத்திலேயே இருந்தன. செல்போன் அம்மாவையும் மறைக்கிறது, சோற்றையும் மறைக்கிறது. என்ன சாப்பிட்டோம் என்பதே குழந்தைக்குத் தெரிவதில்லை.

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இதை இன்னும் கடினமான இடத்தில் செய்து பார்த்தார்கள். குழாய் வழியாக மட்டுமே உணவு பெற்றுவந்த குழந்தைகளுக்காக மார்கெரிட் டூனிட்ஸ்-ஷேர், பீட்டர் ஷேர் என்ற மருத்துவர்களின் குழு 'விளையாட்டு உணவு' என்ற முறையை உருவாக்கியது. தரையில் விரிப்பு, அதன் மேல் கைக்கெட்டும் தூரத்தில் பலவித உணவுகள், சுற்றிலும் பிற குழந்தைகளும் பெற்றோரும். யாரும் யாருக்கும் ஊட்டக்கூடாது. குழந்தை பிசையலாம், பூசிக்கொள்ளலாம், உணவின் மேலேயே உட்காரலாம். மருத்துவக் கண்காணிப்பில் குழாய் உணவைக் குறைத்துப் பசியைத் திரும்ப வரவைத்தார்கள். 2010-ல் வெளியான அவர்களது ஆய்வில் 221 குழந்தைகளில் 203 பேர் குழாயை விட்டு வாயால் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள். குழாய் உணவைக் குறைப்பது மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே செய்ய வேண்டியது. வீட்டில் யாரும் தாமாக முயலக்கூடாது.

சாதாரணக் குழந்தைகளிடமும் இது பலிக்கிறது. பிரிட்டனில் 3, 4 வயதுக் குழந்தைகள் 62 பேரிடம் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், காய்கனிகளைக் கையால் அளைந்து விளையாடியவர்கள், அவற்றைக் கண்ணால் மட்டும் பார்த்தவர்களைவிட அதிக வகைகளைச் சுவைத்துப் பார்த்தார்கள். விளையாட்டில் இடம்பெறாத காய்கனிகளையும் சேர்த்துத்தான்.

விளையாட்டு மட்டும் எல்லோருக்கும் போதும் என்று சொல்லமாட்டேன். ஆட்டிசம் உள்ள 6 குழந்தைகளிடம் 2016-ல் நடந்த ஒரு சிறு ஒப்பீட்டில், டூமி முறையின் ஒரு வடிவத்தைவிட நடத்தைப் பயிற்சிதான் பலன் தந்தது. எது யாருக்குப் பொருந்தும் என்பதைக் குழந்தையைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

வீட்டில் இன்றே தொடங்கக்கூடியது, ஊட்டச்சத்து வல்லுநர் எலின் சாட்டர் சொன்ன வேலைப் பிரிவினை. என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் உரிமை. பழகிய ஓர் உணவு தட்டில் எப்போதும் இருக்கட்டும். பாதம் அந்தரத்தில் தொங்காமல் பலகையிலோ தரையிலோ பதியட்டும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டாமல். முழு வேர்க்கடலை, முழு திராட்சை, பச்சைக் கேரட் துண்டு ஆகியவை மூச்சுக்குழலை அடைக்கும். சின்னக் குழந்தைகளின் விளையாட்டில் அவை வேண்டாம்.

எடை கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ, சாப்பிடும்போது இருமலும் புரையேறலும் அடிக்கடி வந்தாலோ, இருபதுக்கும் குறைவான உணவுகளே மிஞ்சி அவற்றிலும் ஒவ்வொன்றாகக் கைவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். அவர் பேச்சு, விழுங்குதல் சிகிச்சையாளரிடமோ ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமோ அனுப்புவார். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில், பிறந்தது முதல் 18 வயது வரை உள்ளவர்களின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கிறார்கள்.

போகும்போது இரண்டு பொருள் எடுத்துப்போங்கள். குழந்தை மூன்று நாளில் சாப்பிட்ட எல்லாவற்றையும், பிஸ்கட் பெயர் உட்பட, எழுதிய நோட்டு ஒன்று. செல்போனை ஓரமாக வைத்து, ஒரு வேளைச் சாப்பாட்டை எடுத்த வீடியோ ஒன்று. ஆஸ்பத்திரி அறையில் காட்டாததையெல்லாம் குழந்தை அந்த வீடியோவில் காட்டியிருக்கும்.