இடங்கொடுத்தலே முதற்காணிக்கை: வடசென்னைச் சபைகளும் கிறிஸ்து பிறப்பு விழாவும்

மார்கழிப் பனியில் இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள தெருக்களை இரவில் கடந்து செல்வோர் கிறிஸ்தவரின் வீட்டை விசாரித்து அறிய வேண்டுவதில்லை. வாயிலின் மேல் தொங்கும் தாள் விண்மீன் அதனை அறிவித்துவிடுகிறது. காசிமேட்டுச் சந்துகளிலும், தண்டையார்ப்பேட்டைக் குடியிருப்புகளிலும், திருவொற்றியூர்த் தொழிலாளர் இல்லங்களிலும் சபை வாலிபர் இரவு நெடுநேரம் வரை வீடுவீடாகச் சென்று பிறப்பின் பாடல்களைப் பாடுகின்றனர். அவர்களோடு சிவப்பு அங்கி தரித்த கிறிஸ்துமஸ் தாத்தாவும் செல்கிறார். கேக்கும் முறுக்கும் அதிரசமும் வைத்த தட்டுகள் அண்டை வீடுகளுக்குப் போகின்றன.

இவை யாவும் மகிழ்ச்சிக்குரியனவே. ஆயினும் ஆண்டுதோறும் நமது ஆயர் கூட்டங்களில் இரு குரல்கள் எழுவதைக் கேட்கிறோம். விண்மீனும் மரமும் தாத்தாவும் மேனாட்டார் கொணர்ந்தவை, அவற்றை அகற்றுதல் நலம் என்பது ஒன்று. ஆண்டில் ஒருநாள் எளியவர் களிகூர்வதை ஏன் தடுக்கவேண்டும் என்பது மற்றொன்று. இவ்வழக்கங்கள் எதனைக் குறிக்கத் தோன்றின, துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த வடசென்னையில் அவை எதனைக் குறிக்கவேண்டும் என்று ஆய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மறைநூல் காட்டும் வீடு

லூக்கா 2:7-ஐ வாசிக்கும்பொழுது இரக்கமற்ற சத்திரக்காரன் ஒருவன் நம் கண்முன் தோன்றுகிறான். ஞாயிறு பள்ளி நாடகங்களில் அவனுக்குத் தனிப் பாத்திரமே உண்டு. ஆனால் லூக்கா அத்தகைய ஒருவனைக் குறிப்பிடவேயில்லை. நமது பழைய மொழிபெயர்ப்பு சத்திரம் எனத் தருவது கத்தாலுமா என்னும் கிரேக்கச் சொல்லை. ஆண்டவர் சீடரோடு பஸ்கா உண்ட அறையைக் குறிக்கவும் லூக்கா இச்சொல்லையே ஆளுகிறார் (22:11). கூலிக்கு இடந்தரும் சத்திரத்தை நல்ல சமாரியன் உவமையில் கூறவேண்டி வந்தபோதோ, பந்தோக்கேயோன் என்னும் வேறு சொல்லை வழங்குகிறார் (10:34). ஆகவே 2:7-இல் சுட்டப்படுவது ஒரு வீட்டின் விருந்தினர் அறையே எனக் கொள்ளும் ஆய்வாளர் பலர்.

பாலஸ்தீனச் சிற்றூர்களில் எளியோர் வீடு பெரும்பாலும் ஒரே அறையாக இருந்தது. சற்று உயர்ந்த தளத்தில் குடும்பத்தார் உண்டு உறங்குவர். தாழ்ந்த பகுதியில் இரவில் கால்நடைகளைக் கட்டுவர். இரண்டும் கூடும் இடத்தில் முன்னணை இருக்கும். விருந்தினருக்குரிய அறை நிரம்பிவிட்டதால், வீட்டார் தாங்கள் வாழும் அறையிலேயே பிள்ளைப்பேற்றுக்கு இடம் ஒதுக்கினர் என்பது இவ்விளக்கத்தின் முடிவு. அவ்வாறாயின், ஞானியர் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் கொண்டு வந்து சேருமுன்னரே கிறிஸ்துவுக்கு ஒரு காணிக்கை படைக்கப்பட்டுவிட்டது. பெயர் அறியப்படாத ஓர் எளிய குடும்பம், தன் நெருக்கடியிலிருந்து எடுத்துத் தந்த இடமே அது.

வடசென்னை மக்களுக்கு இதனை விளக்கச் சொற்கள் மிகுதியாக வேண்டா. ஒற்றை அறை வீட்டில் ஊரிலிருந்து உறவினர் வந்தால், வீட்டுத் தலைவர் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கோ வாயிற்படிக்கோ செல்வது அவர்கள் வாழ்வு. இடங்கொடுத்தல் எத்தகைய காணிக்கை என்பதை அறிந்தவர்கள் அவர்களே. விழாவின் அலங்காரத்தையும் ஈகையையும் இவ்வீட்டு வாயிலில் நின்று நோக்குவது தகும்.

2. அலங்காரத்தின் பொருள்

டிசம்பர் 25 என்ற நாள் நற்செய்தி நூல்களில் இல்லை. உரோமையில் 354-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டியில், 336-ஆம் ஆண்டளவில் அமைந்த பட்டியலில் இந்நாள் காணப்படுகிறது. அலங்கார வழக்கங்கள் அதற்கும் பிந்தியவை. அசிசி நகர் பிரான்சிஸ் 1223-ஆம் ஆண்டில் இத்தாலியிலுள்ள கிரேச்சோ என்ற ஊரில், முன்னணையில் வைக்கோல் பரப்பி, மாடும் கழுதையும் நிறுத்தி, ஊர் மக்களைக் கூட்டி வழிபாடு நடத்தினார். புனித நாட்டிற்குப் பயணஞ்செய்ய இயலாத ஏழையும் தன் ஊரிலேயே பெத்லகேமைக் காணவேண்டும் என்பது அதன் உட்கருத்து. மரத்தை அலங்கரித்தல் பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மானிய நாடுகளில் பரவிற்று. பல முனைகள் கொண்ட தாள் விண்மீன், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொரேவிய சபையின் பள்ளியொன்றில் மாணவரின் வடிவக்கணிதப் பயிற்சியாக உருவாயிற்று.

குடிலும் விண்மீனும் தொடக்கத்தில் செல்வத்தின் அடையாளங்களல்ல என்பது இவற்றால் தெளிவாகும். வைக்கோலும் தாளும் அவற்றின் பொருள்கள். நமது நாட்டிலும், மார்கழி வைகறையில் வாயிலைத் தெளித்துக் கோலமிடும் தமிழ் மகள் செய்வது, வருவோருக்கு இடத்தை ஆயத்தப்படுத்தும் செயலேயாகும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றியபோது, ஊர் ஊராய்த் திரியும் குறத்திக்கு இடந்தரும் இலக்கிய வகையையே மீட்பரின் புகழுக்குத் தேர்ந்துகொண்டார். ஒரு வழக்கம் எந்நாட்டினது என்று கேட்பதோடு, அது எவருக்கு இடந்தருகிறது என்றும் கேட்டல் வேண்டும்.

அவ்வாறு கேட்பின், கடன்பட்டு வாங்கிய மின்விளக்குத் தோரணத்தைவிடப் பிள்ளைகள் ஒட்டிய தாள் விண்மீன் மேலானது எனத் துணிவோம். ஆலயத்தின் குடிலில் ஒரு வலைத் துண்டையும் மீன்கூடையையும் வைப்பது மேய்ப்பரை அவமதிப்பதாகாது. இரவெல்லாம் விழித்திருந்து உழைப்போர் இங்கு யாவர் என்பதை அது சபைக்கு நினைவூட்டும்.

3. ஈகையின் பொருள்

கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலவராகிய நிக்கொலாஸ், நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கி நாட்டுக் கடற்கரையிலுள்ள மீரா நகரின் பேராயர். வறுமையுற்ற ஒருவரின் மூன்று புதல்வியருக்குத் திருமணப் பொருளாக, இரவில் எவரும் அறியாமல் பலகணி வழியே பொன் முடிப்புகளை இட்டார் என்பது அவரைப் பற்றிய மரபுக் கதை. கீழைத் திருச்சபையும் மேலைத் திருச்சபையும் அவரை மாலுமிகளின் காவலராகப் போற்றின. துறைமுக மக்களுக்கு அவர் அயலவரல்லர். ஆனால் மறைவில் கொடுத்த அவரது பெயரால், இன்று நாம் ஒலிபெருக்கியில் பெயர் அழைத்துப் புடவை வழங்குகிறோம். பெறுகின்றவரின் முகம் நிழற்படத்தில் பதிவாகிறது. கொடுத்தவர் மறைந்து நின்ற மரபு, பெறுபவர் மறைந்துகொள்ள விரும்பும் நிலைக்குத் திரும்பிவிட்டது.

திருச்சபையின் நாட்காட்டி இங்கு நமக்கு வழிகாட்டுகிறது. பிறப்பு விழாவின் மறுநாளாகிய டிசம்பர் 26 ஸ்தேவானின் நாள். ஸ்தேவானை நாம் முதல் இரத்தசாட்சியாக நினைக்கிறோம். அவர் ஏன் தெரிந்துகொள்ளப்பட்டார் என்பதை மறந்துவிடுகிறோம். எருசலேம் சபையின் அன்றாடப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டனர், அக்குறையைத் தீர்க்க நியமிக்கப்பட்ட எழுவரில் அவர் ஒருவர் (அப். 6:1-6). பட்டியலில் விடுபட்டோருக்கு இடந்தரும் பணிக்காக அழைக்கப்பட்டவரே விழாவின் மறுநாளை உடைமையாகப் பெற்றிருக்கிறார். அதற்கு இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 28-இல், ஏரோதின் வாளுக்கு இரையான மாசற்ற குழந்தைகளின் நினைவு வருகிறது. முன்னணையையும் அநீதியையும் திருச்சபை தொலைவில் வைக்கவில்லை.

4. எடுக்கப்பட்ட இடம்

இராயபுரத்தின் பெயர், பேதுருவைக் குறிக்கும் இராயப்பர் என்ற பழைய கத்தோலிக்க வழக்கோடு தொடர்புடையது என்பர். அங்குள்ள புனித பேதுரு ஆலயத்தை எழுப்பியோர், கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே அலைகளைக் கடந்து சரக்கேற்றிய படகோட்டிகள். நமது சபைகளின் முன்னோரும் இப்பகுதியில் இடந்தரும் பணி செய்தனர். ஸ்காட்லாந்து மிஷனின் மருத்துவர் மட்டில்டா மக்பேல் 1888-இல் தொடங்கிய மருந்தகமே பின்னர் ரெயினி மருத்துவமனையாக வளர்ந்தது.

ஆயினும் இக்கரையின் வரலாற்றில் இடம் எடுக்கப்பட்டதும் உண்டு. சென்னைத் துறைமுகக் கட்டுமானம் 1875-இல் தொடங்கிற்று. தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோரமாய் நகரும் மணலை அதன் அலைத்தடுப்புச் சுவர் மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினாக் கடற்கரை அகன்றது. மணல் வரத்து நின்ற வடபுறத்தில், இராயபுரம் முதல் எண்ணூர் நோக்கிக் கடல் கரையை அரித்தது. மீனவர் வீடுகள் கடலுக்குள் போயின. நகரம் மாலை வேளைகளில் இளைப்பாறும் மணல்வெளியும், வடக்கே கல்லடுக்கிக் காக்கப்படும் கரையும் ஒரே செயலின் இரு விளைவுகள். ஒருவர் பெற்றதற்கும் மற்றொருவர் இழந்ததற்கும் உள்ள தொடர்பைக் காணாத ஈகை, சகேயு கண்டதைக் காணாத ஈகையாகும். அவன் ஏழைகளுக்குப் பாதி கொடுத்ததோடு நில்லாமல், அநியாயமாய் எடுத்ததைத் திருப்பவும் முன்வந்தான் (லூக். 19:8).

2023-ஆம் ஆண்டின் பிறப்புக் காலம் இதனை மிகக் கூர்மையாக நமக்குக் கற்பித்தது. மிக்ஜாம் புயல் மழையின்போது, டிசம்பர் 4-ஐ ஒட்டி மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிற்று. படகும் வலையும் கரிய பிசினாயின. மீனவர் பலர் அவ்வெண்ணெயைக் கைகளாலேயே அள்ளினர். அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், வேறு 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். இத்தகைய உதவி வேண்டியதே. ஆனால் கழிமுகத்தில் கையால் இறால் பிடிப்பவர், மீன்கூடை சுமந்து விற்கும் விதவை, வாடகைக் குடிசையில் வாழ்பவர் ஆகிய அனைவர் பெயரும் பட்டியலில் உண்டா என்று கேட்டறிவது ஸ்தேவானின் பணி. அப்பணி சபைக்குரியது.

விழாவின் மறுநாள், டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கிய வேளையில், எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாய் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் வெளியேறினர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், 2004-இல், இதே நாளில் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. விண்மீன்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த அவ்விரவில், வீட்டைவிட்டு வந்தவர் எங்கே போவர்? நமது ஆலயங்களின் சாவி எவரிடம் இருந்தது? இவ்வினாவை நம்மையே நோக்கி எழுப்புகிறோம்.

5. சபைகள் செய்யத்தக்கவை

சிலவற்றைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

முதலாவது, பாடற்குழு எவ்வீட்டிற்கு முதலில் செல்வது என்பதை மாற்றியமைத்தல் நலம். காணிக்கை மிகுதியாய்த் தரும் வீடுகளில் தொடங்கி, களைத்த பின் குடிசைப் பகுதிக்குச் செல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நோயாளியும் தனித்திருப்போரும் முதலில் பாடல் கேட்கட்டும்.

இரண்டாவது, ஈகைக் குழுவில் கடந்த ஆண்டுகளில் உதவி பெற்றவர் இருவராவது இருக்கட்டும். எவருக்கு எது தேவை என்பதை அவர்கள் அறிவர். மேடையில் வழங்குதலை விடுத்து, இருள் சூழ்ந்தபின் இல்லந்தோறும் சேர்ப்பிக்கலாம்.

மூன்றாவது, டிசம்பர் 26 அன்று சிறு வழிபாடு ஒன்றை நடத்தலாம். கடலிலும் ஆலைகளிலும் உயிர் நீத்தோரை அதில் நினைவுகூரலாம். அன்றே, நிவாரணப் பட்டியல்களில் விடுபட்டோருக்கு விண்ணப்பம் எழுதித்தர, எழுத்தறிந்த சபையார் சிலர் ஆலய வளாகத்தில் அமரலாம். சமய வேறுபாடின்றி எவரும் வரலாம்.

நான்காவது, ஆலயக் கூடத்தின் சாவி ஒன்று, அருகிலேயே வாழும் மீனவக் குடும்பத்திடமோ தொழிலாளர் குடும்பத்திடமோ இருக்கட்டும். நள்ளிரவில் ஆயரைத் தேடி எழுப்பவேண்டிய நிலை வரலாகாது. பாய்களும் குடிநீரும் அங்கே ஆயத்தமாய் இருக்கட்டும். இதற்குச் செலவு மிகக் குறைவு.

மரபுகளை ஒழிக்கவும் வேண்டா; பொருளறியாது தொடரவும் வேண்டா. விண்மீன் வாயிலைக் காட்டுகிறது. வாயில் திறந்திருக்கிறதா என்பதை வீட்டார் பார்த்துக்கொள்ளவேண்டும். பெத்லகேமின் அக்குடும்பத்தாருக்குத் தங்கள் வீட்டில் பிறந்தவர் யார் என்பது அன்றிரவு தெரிந்திருக்க முடியாது. நிறைமாதப் பெண் ஒருத்திக்கு இடம் வேண்டும் என்பது மட்டுமே தெரிந்திருந்தது; அது அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. வரும் பிறப்பு விழாவில் நமது சபைகளுக்கும் அது போதுமானதாயிருக்க இறைவன் அருள்வாராக.