தண்டாலா, டம்பெல்லா... உங்களுக்கு எது செட் ஆகும்?

ஜிம்முக்கு ஒரு வருஷக் கட்டணம் கட்டலாமா, வீட்டிலேயே தண்டால், பஸ்கி எடுத்தால் போதுமா? தசையைப் பொறுத்தவரை இரண்டுமே சுமைதான்.

தண்டால் எடுக்கும்போது உடல் எடையில் ஏறக்குறைய 65 சதவீதத்தைக் கைகள் தாங்குகின்றன. 70 கிலோ எடை உள்ளவருக்கு அது சுமார் 45 கிலோ. புதிதாகத் தொடங்குபவருக்கு இதுவே தாராளம்!

ஆனால், 30 தண்டால் அசால்ட்டா வருதுன்னா, அதன்பின் எண்ணிக்கையை ஏற்றினால் தாக்குப்பிடிக்கும் திறன்தான் கூடும். வலிமை பெரிதாகக் கூடாது. அப்போது சுமையை ஏற்றணும். கிலோ கிலோவாகக் கூட்ட டம்பெல் வசதி. முக்கியமாக, கால்களுக்கும் முதுகுக்கும்.

வாரத்தில் 2 நாளாவது தசைப் பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 2 நாளும் வீட்டில் விடாமல் செய்து பாருங்க. பணம் கட்டுவதை அப்புறம் யோசிக்கலாம்.