அழுத்தினால் வாய், விட்டால் காது

உழைப்பின் கருவிகள் – 14

சென்ற வாரம் மில் சங்கைப் பார்த்தோம். ஊரெல்லாம் கேட்ட குரல் அது. ஊதினால் உள்ளே போக வேண்டும், மறுபடி ஊதினால் வெளியே வர வேண்டும். எதிர்க்கேள்வி கேட்கவோ விளக்கம் கேட்கவோ அதில் இடமில்லை. வேலையிடத்தில் குரல் மேலிருந்து கீழே மட்டும் ஓடிய காலத்தின் கருவி சங்கு. இந்த வாரக் கருவி அதற்கு நேர் எதிரானது. கட்டட சைட்டில் ‘வாக்கி’, போலீஸ்காரர்களிடம் ‘மைக்’, படகில் ‘வயர்லெஸ்’ என்று ஆளுக்கொரு பெயரில் புழங்குகிற வாக்கி டாக்கி. அதன் உயிர் அது கொண்டுபோகும் உத்தரவில் இல்லை, திரும்பி வரும் பதிலில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

பதில் வராத வயர்லெஸ்ஸும் ஒரு காலத்தில் இருந்தது. 1928 ஏப்ரலில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் போலீஸ், ரோந்துக் கார்களில் வானொலிப் பெட்டியைப் பொருத்தித் தலைமையகத்திலிருந்து செய்தி சொல்லத் தொடங்கியது. இன்ன தெருவில் திருட்டு, உடனே போங்கள் என்று குரல் வரும். காரில் இருப்பவர்களுக்குக் கேட்கும், ஆனால் பேச வழியில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வண்டியை நிறுத்திவிட்டுத் தொலைபேசியைத் தேடிப் போக வேண்டும். செய்தி காரில் விழுந்ததா, காற்றோடு போனதா என்று தலைமையகத்துக்கே தெரியாது. நியூஜெர்சி மாநிலத்தில் பயோன் நகரப் போலீஸ் 1933இல்தான் காரிலிருந்தும் பேசுகிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது.

அந்த ஏற்பாட்டைப் பெரிய அளவுக்கு எடுத்துச் சென்றவர் டேனியல் நோபிள். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அந்த மாநிலப் போலீஸுக்காக 1940இல் எஃப்.எம். முறையில் இருவழி வயர்லெஸ்ஸை அமைத்துக் கொடுத்தார். பிறகு சிகாகோவின் கால்வின் நிறுவனத்தில் சேர்ந்தார். பின்னாளில் மோட்டோரோலா என்று பெயர் மாறியது இந்த நிறுவனம்தான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கு அது இரண்டு கருவிகளைச் செய்து தந்தது. ஒன்று கையில் பிடித்துப் பேசும் எஸ்.சி.ஆர்.-536, எடை 2 கிலோவுக்குச் சற்று மேலே. இன்னொன்று முதுகில் சுமக்கும் எஸ்.சி.ஆர்.-300, ஏறத்தாழ 16 கிலோ. இரண்டில் வாக்கி டாக்கி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இந்த முதுகுச் சுமைக்குத்தான். போர் முடிந்ததும் கருவி டாக்ஸிக்கும் துறைமுகத்துக்கும் மின்வாரியத்துக்கும் ரயிலுக்கும் வந்து சேர்ந்தது.

கைபேசி ஆளுக்கு இரண்டு இருக்கிற இந்தக் காலத்தில் வாக்கி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பன்னிரண்டாவது மாடியில் கான்கிரீட் போடும் நாளில் ஒரு சைட்டுக்குப் போய் நின்றால் பதில் கிடைத்துவிடும். ரெடிமிக்ஸ் லாரி கேட்டுக்குள் நுழைகிறது. கேட்டில் இருப்பவர் வாக்கியில் ஒரே ஒரு வரி சொல்கிறார். கீழே பம்ப் ஆபரேட்டருக்குக் கேட்கிறது. மேலே குழாய் பிடிப்பவருக்கும் வைப்ரேட்டர்காரருக்கும் கேட்கிறது, இன்ஜினியருக்கும் கேட்கிறது. கைபேசியென்றால் நாலு பேருக்கு நாலு அழைப்பு. ஒருவர் எடுக்கமாட்டார், ஒருவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பார், மூன்றாமவர் அடித்தளத்தில் டவர் கிடைக்காமல் நிற்பார். கலவை இதற்கெல்லாம் காத்திருக்காது, இறுகிக்கொண்டே போகும். கைபேசி இரண்டு பேருக்கான கருவி. வாக்கி ஒரு கோஷ்டிக்கான கருவி. தனக்குச் சொல்லப்படாத செய்தியும் காதில் விழுவதால், அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்து ஒவ்வொருவரும் தயாராகிவிடுகிறார்கள். வேலை தடையில்லாமல் ஓடுவதன் பாதி ரகசியம் இதில் இருக்கிறது. சில சைட்டுகளில் இப்போது வாக்கியை ஓரம் கட்டிவிட்டு வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு அனுப்புகிறார்கள். கணக்குக்கும் படத்துக்கும் அது சரி. தலைக்கு மேல் சுமை தொங்கும்போது பதிவைத் திறந்து கேட்க யாருக்கும் நேரம் இருக்காது.

ஆனால் இந்தக் கருவிக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. சாதாரண வாக்கி ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் வேலை செய்யும். பொத்தானை அழுத்தினால் ஒலிபரப்பும் பகுதி விழிக்கும், கேட்கும் பகுதி அடங்கிவிடும். அதாவது பேசிக்கொண்டிருப்பவர் அந்த நேரத்துக்குச் செவிடர். அவர் பேசும்போதே இன்னொருவர் பொத்தானை அழுத்தினால், அப்படி ஒருவர் பேசியதே முதலாமவருக்குத் தெரியாது.

மற்றவர்களுக்கு என்ன கேட்கும் என்பது அலையின் வகையைப் பொறுத்தது. விமானங்கள் இன்றும் ஏ.எம். முறையில்தான் பேசுகின்றன. அதில் இரண்டு பேர் ஒன்றாக அழுத்தினால் இரு அலைகளும் மோதிக் கீச்சென்று ஒலிக்கும். பேச்சு புரியாவிட்டாலும், எதுவோ தவறிப்போயிற்று என்றாவது தெரியும். நம் சைட்டுகளிலும் ஆலைகளிலும் வழக்கமாக இருப்பது எஃப்.எம். இதில் வலுவான அலை ஜெயித்துவிடும், மெலிந்த அலை சுவடில்லாமல் அமுங்கிவிடும். பக்கத்தில் நிற்கும் மேஸ்திரி பேசியது கணீரென்று கேட்கும். அதே நொடியில் தூரத்து மூலையிலிருந்து “நிறுத்துங்க” என்று ஒருவர் கத்தியிருப்பார். கீச்சொலி கூட வராது. அவர் சொல்லவே இல்லை என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள்.

ஏ.எம். தரும் அந்தக் கீச்சொலி எச்சரிக்கையும் போதாமல் போன நாள் ஒன்று உண்டு. வயர்லெஸ்ஸை நம்பி வேலை செய்கிற எவரும் அதை அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1977 மார்ச் 27. கானரித் தீவுகளில் ஒன்றான டெனெரிஃபில் லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவான கிரான் கனாரியாவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய விமானங்களை இந்தச் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். நிறுத்திய விமானங்கள் பக்கப் பாதையை அடைத்துக்கொள்ள, புறப்படுகிற விமானங்கள் ஓடுபாதையின் மேலேயே ஊர்ந்து போக வேண்டியதாயிற்று. அப்போது மேகம் இறங்கி ஓடுபாதையை மூடியது. கட்டுப்பாட்டு டவருக்கு விமானங்கள் தெரியவில்லை. ஒரு விமானத்துக்கு மற்றது தெரியவில்லை. தரையில் நகர்வதைக் காட்டும் ரேடாரும் அங்கே இல்லை. எல்லாருக்கும் மிஞ்சியிருந்தது வயர்லெஸ் ஒன்றுதான்.

கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 ஓடுபாதையின் ஒரு முனையில் திரும்பிப் புறப்படத் தயாராக நின்றது. அதே பாதையில் பான் ஆம் நிறுவனத்தின் 747 எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. தாங்கள் இப்போது டேக்-ஆஃபில் இருப்பதாகக் கே.எல்.எம். துணை விமானி சொன்னார். நிற்கிறோம் என்றும் அதைக் கொள்ளலாம், ஓடத் தொடங்கிவிட்டோம் என்றும் கொள்ளலாம். டவர் முதலில் ஓகே என்றது. ஒரு கணம் விட்டு, காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றது. அந்த இரண்டாவது பகுதியைச் சொல்லும்போதே பான் ஆம் விமானியும் பொத்தானை அழுத்தி, நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்றார். கே.எல்.எம். விமானி அறைக்குத் தெளிவாக எட்டியது ஓகே மட்டும்தான். காத்திருக்கச் சொன்னதும் இங்கே இருக்கிறோம் என்றதும் சுமார் 4 விநாடிக் கீச்சொலியில் கரைந்துவிட்டன.

அதன் பிறகும் ஒரு வாய்ப்பு இருந்தது. டவரும் பான் ஆமும் அடுத்துப் பேசிக்கொண்டதைக் கேட்ட கே.எல்.எம். விமானப் பொறியாளர், அந்த விமானம் இன்னும் விலகவில்லையோ என்று தன் கேப்டனிடம் கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வந்தது. கேப்டன் அந்த நிறுவனத்தில் 747 விமானிகளுக்கே பயிற்சி தருகிற மூத்தவர். பொறியாளர் மேற்கொண்டு வாய் திறக்கவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்தில் இதைவிடப் பெரிய மோதல் விபத்து இன்றுவரை நடக்கவில்லை.

மூன்று எச்சரிக்கைக் குரல்கள் அன்று வீணாயின. இரண்டை அலை விழுங்கியது, மற்றதைப் பதவி விழுங்கியது. அலையின் குறைக்கு விமானத் துறை கண்ட மருந்து சொற்களில் இருந்தது. டேக்-ஆஃப் என்ற சொல்லை, புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெப்போதும் உச்சரிப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். அனுமதி கிடைத்தவர் வெறுமனே ஓகே சொன்னால் போதாது, கேட்டதை வரிக்கு வரி திருப்பிச் சொல்ல வேண்டும், டவர் அதைக் காது கொடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்ற ஒழுங்கு இறுகியது. பதவியின் குறைக்குத்தான் காலம் பிடித்தது. கீழே உள்ளவர் சந்தேகத்தைத் துணிந்து சொல்லவும் மேலே உள்ளவர் அதைக் கேட்கவும் பழக்குகிற பயிற்சி, அடுத்த ஆண்டுகளில்தான் விமான நிறுவனங்களில் படிப்படியாக வேர்பிடித்தது.

கட்டடத் தொழிலில் இந்தப் பாடத்தை அழகாக விதியாக்கியிருப்பது அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா. 2010இல் அது வெளியிட்ட கிரேன் விதிகளைப் படித்தபோது எனக்கு மரியாதையே வந்தது. உயரத்தில் கூண்டில் இருக்கும் ஆபரேட்டருக்குச் சுமை இறங்கும் இடம் பல நேரம் தெரியாது. கீழே நிற்கும் சிக்னல்மேன்தான் அவருக்குக் கண். ஆகவே குரலால் தரும் ஒவ்வொரு சிக்னலிலும் மூன்று பகுதிகள் இதே வரிசையில் வர வேண்டும் என்கிறது விதி. எந்த இயக்கம், எந்தத் திசை என்பது முதலில். எவ்வளவு தூரம் அல்லது வேகம் என்பது அடுத்து. அந்த இயக்கத்தை நிறுத்து என்பது கடைசியில். நம் சைட்டில் அது இப்படி ஒலிக்கும்: “கிரேன் ரெண்டு, கொக்கி கீழே... பத்து மீட்டர்... அஞ்சு... மூணு... ஒண்ணு... கொக்கி நிறுத்து.” வேலை தொடங்கும் முன் கருவியைச் சைட்டிலேயே பேசிப் பார்க்க வேண்டும். கிரேனுக்கென்று தனி சேனல் வேண்டும். ஆபரேட்டர் கையை எடுக்காமலே கேட்கும்படி இருக்க வேண்டும். இருவருக்கும் புரியும் மொழியில் என்னென்ன சொற்கள் என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிக்னல் இடையில் அறுந்தால் இயக்கத்தைப் பத்திரமாக நிறுத்திவிட வேண்டும். சத்தம் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள அங்கே இடமே இல்லை.

மொழி பற்றிய விதி நம் ஊருக்கு மிகவும் தேவை. சென்னைச் சுற்றுப்புறத்துப் பெரிய சைட்டுகளில் ஆபரேட்டர் பீகாரிலிருந்தும் சுமையைக் கட்டும் ரிக்கர் வங்காளத்திலிருந்தும் வந்திருப்பார்கள், மேஸ்திரி விழுப்புரத்துக்காரராக இருப்பார். மூவருக்கும் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு சொற்களைக் காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளும் சைட்டில் வாக்கி அமைதியாக ஒலிக்கிறது. அப்படிச் செய்யாத இடத்தில் நாள் முழுக்க ஒரே கூச்சல்.

வாக்கிக்கு ரயில்வே இன்னும் நிதானமான வீடு. சரக்கு ரயிலின் முன் கோடியில் லோகோ பைலட், 700 மீட்டர் தள்ளிக் கடைசி வண்டியில் கார்டு. 2022 முதல் அவர் பதவிக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர். கொடியும் விளக்கும் விசில் கணக்கும் மட்டுமே அவர்களை இணைத்த காலம் போய், வாக்கி வந்ததும் வேலை வெகுவாக இலகுவாயிற்று. ஓடும் வண்டியில் புகையோ தொங்கும் கம்பியோ தெரிந்தால் கேட்கீப்பரோ நிலைய அலுவலரோ பார்த்துச் சொன்ன சேதி உடனே இன்ஜினுக்குப் போய்விடுகிறது. ஆனாலும் சிவப்பு சிக்னலைத் தாண்டுவதற்கு வாக்கியில் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். கருவியின் எல்லையை அறிந்து வைத்த விதி இது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. கருவி யார் இடுப்பில் தொங்குகிறது? பல வேலையிடங்களில் இன்ஜினியரிடம் ஒன்று, சூப்பர்வைசரிடம் ஒன்று, செக்யூரிட்டியிடம் ஒன்று. சுமையைத் தொட்டு நிற்கும் ரிக்கரிடம் இல்லை. குழிக்குள் இறங்கும் ஆளிடம் இல்லை. கன்வேயர் பெல்ட்டில் கல் சிக்கியதை முதலில் பார்க்கிற பெண்ணிடம் இல்லை. விலகும் பலகையையும் கசியும் வாயுவையும் முதலில் அறிகிறவர்கள் அவர்கள்தான். பதில் பேச வழியில்லாமல் கேட்க மட்டும் முடிந்த டெட்ராய்ட் ரோந்துக் கார்களின் நிலைமையைவிடக் கீழான ஒன்றை, ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து நம் தொழிலாளிகளுக்கு வைத்திருக்கிறோம். இவர்களுக்குக் கேட்கவும் கருவி இல்லை.

செலவு என்று இதற்குக் காரணம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், அரை வாட் சக்திக்குள் இயங்கும் சிறு கருவிகளுக்கு 2018 முதல் இந்தியாவில் தனி உரிமம் தேவையில்லை. முறையான சான்று பெற்ற கருவியா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். நாலைந்து மாடிக் கட்டடத்துக்கோ கல்யாண மண்டபத்துக்கோ சிறு கிடங்குக்கோ அந்த வீச்சு போதும். பெரிய ஆலைகளுக்கு உரிமம் பெற்ற அலைவரிசையும், சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரும் வேண்டும். அங்கே வரும் டிஜிட்டல் வகைகள் பலவற்றில் அவசரப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் மற்ற செட்டுகளில் எச்சரிக்கை ஒலிக்கும். சில ஏற்பாடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சையே வெட்டிக்கொண்டு அந்தக் குரல் முன்னே வரும். எஃப்.எம். அமுக்கிவிடுகிற அந்தத் தூரத்து மூலைக் குரலுக்காகவே செய்தது போன்ற வசதி. வாங்குகிறவர்கள் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும். எத்தனை செட் என்று கணக்குப் போடும்போது, மேற்பார்வையாளர்களின் தலையை எண்ணாமல் ஆபத்து முதலில் தெரியக்கூடிய இடங்களை எண்ண வேண்டும்.

நிலத்தில் நிலைமை இது. கடலில் தூரமே வேறு. படகில் பொருத்தும் 25 வாட் வி.எச்.எஃப். செட் சில பத்து கடல் மைலுக்கு எட்டும், அவ்வளவுதான். குமரி மாவட்டத்துத் தூத்தூர்க் கரையின் ஆழ்கடல் படகுகள் நூற்றுக்கணக்கான மைல் போகின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது அந்த இடைவெளியில் என்ன நடந்தது, பிறகு செயற்கைக்கோள் வழியே அதை அடைக்க எடுத்த முயற்சிகள் என்ன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)