மோட்டார்ஹோமுக்கு ரேஸ் இன்ஜின் தேவையா? நிமிஷத்துக்கு 40 டாலர் கணக்கு!



அமெரிக்காவில் ஆன்சைட்டில் இருக்கிறவங்களுக்கு வர்ற ஆசைகளில் ஒன்று மோட்டார்ஹோம். படுக்கை, கிச்சன், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. பெரிய சைஸில் புதுசா வாங்கினா ஒரு லட்சம் டாலரைத் தாண்டிடும். அதனால 90-களில் வந்த பழைய வண்டி பக்கம் கண்ணு போகும். விலை மலிவு, உள்ளே இடம் தாராளம், முன்னாடி ஒரு பெரிய வி8 இன்ஜின்.

வாங்கி முதல் மலை ஏறினதும் அடுத்த ஆசை வரும். "இவ்ளோ பெரிய இன்ஜின் இருந்தும் திணறுதே... இதை பெர்ஃபார்மன்ஸ் இன்ஜினா மாத்திட்டா என்ன?"

மாத்தலாம். ஆனா அந்தக் காசுக்கு நமக்கு என்ன கிடைக்குதுன்னு முதல்ல பார்த்துடுவோம்.

பிக்-பிளாக் ஏன் வந்தது?

பிக்-பிளாக் என்பது அமெரிக்க கம்பெனிகளின் பெரிய சைஸ் வி8 இன்ஜின். ஷெவர்லே 454 என்றால் 7.4 லிட்டர். ஃபோர்டு 460 என்றால் 7.5 லிட்டர். கிரைஸ்லர் 440 என்றால் 7.2 லிட்டர். நம்ம ஊர் ஹேட்ச்பேக் பெரும்பாலும் 1.2 லிட்டர்தான். அப்போ எவ்வளவு பெருசுன்னு பார்த்துக்கோங்க.

மோட்டார்ஹோம் கம்பெனிகள் இதைத் தேர்ந்தெடுத்தது வேகத்துக்காக இல்லை. 7, 8 டன் எடையை நாள் முழுக்க அலுப்பில்லாம இழுக்க டார்க் வேணும். அதுவும் குறைந்த ஆர்.பி.எம்-லேயே வேணும். பெரிய இன்ஜின் அதைச் சுலபமா கொடுக்கும்.

ஒரே சைஸ், ரெண்டு வேலை

1970-ல் வந்த ஷெவர்லே ஷெவெல் காரில் எல்எஸ்6 என்ற 454 இன்ஜின் இருந்தது. கம்பெனி சொன்ன பவர் 450 ஹார்ஸ்பவர். அதிகபட்ச டார்க் வர்றது 3,600 ஆர்.பி.எம்-ல்.

1990-களின் தொடக்கத்தில் ஷெவர்லே டிரக்குகளில் வந்ததும் 454 தான். அதே 7.4 லிட்டர். பவர் வெறும் 230 ஹார்ஸ்பவர். ஆனா அதிகபட்ச டார்க் சுமார் 520 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,600 ஆர்.பி.எம்-லேயே!

1972-க்கு முன்னாடி பவரை அளந்த முறை கொஞ்சம் தாராளமானது. அதனால இந்த ரெண்டு பவர் நம்பரையும் அப்படியே பக்கத்துல வச்சு ஒப்பிட முடியாது. ஆனா ஆர்.பி.எம் வித்தியாசத்தைக் கவனிங்க. கார் இன்ஜின் சில நொடி சீறிப் பாயறதுக்கு. டிரக் இன்ஜின் மணிக்கணக்கா மூட்டை தூக்கறதுக்கு.

இது பழங்கதைன்னு நினைக்க வேண்டாம். ஃபோர்டு 2020-ல் கொண்டுவந்த 7.3 லிட்டர் வி8, 'காட்ஸில்லா'ன்னு செல்லப்பேர், எஃப்-250 பிக்கப்பில் 430 ஹார்ஸ்பவர் தரும். அதே இன்ஜினை மோட்டார்ஹோம் கட்டற கனரக சேசிஸில் வைக்கும்போது ஃபோர்டே அதை 350-ஆக குறைச்சிடுச்சு. 80 ஹார்ஸ்பவர் போச்சு. டார்க் மட்டும் 644-லிருந்து 635 நியூட்டன் மீட்டர், கிட்டத்தட்ட அப்படியே இருந்துச்சு.

கனமான வண்டியில் உச்ச பவரை விட இன்ஜின் ஆயுசு முக்கியம்னு, அதைத் தயாரிச்ச கம்பெனியே முடிவு பண்ணியிருக்கு.

இப்போ நம்ம கணக்கு

9 டன் வண்டி. 6 சதவீத ஏற்றம், அதாவது 100 மீட்டர் போனா 6 மீட்டர் உயரும். மொத்தம் 10 கிலோமீட்டர் ஏற்றம்னு வச்சுக்குவோம்.

எடை, டயர் உராய்வு, காற்று எதிர்ப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தா, மணிக்கு 60 கி.மீ வேகத்தில் ஏற சக்கரத்தில் சுமார் 155 ஹார்ஸ்பவர் வேணும். 80 கி.மீ வேகத்துக்கு சுமார் 230. கியர்பாக்ஸ் இழப்பையும் சேர்த்தா, இன்ஜினில் கிட்டத்தட்ட 90 ஹார்ஸ்பவர் கூடுதலா வேணும்.

சரி, அதைச் செலவு பண்ணி வாங்கிட்டோம். என்ன லாபம்?

- 60 கி.மீ வேகத்தில் ஏற்றம் முடிய: 10 நிமிஷம்
- 80 கி.மீ வேகத்தில்: ஏழரை நிமிஷம்
- மிச்சம்: இரண்டரை நிமிஷம்

இன்ஜின் பில்டு, ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து 10,000 டாலர்னு ஒரு உதாரணத்துக்கு எடுத்துக்குவோம். வருஷத்துக்கு 20 ஏற்றம், 5 வருஷம் வண்டியை வச்சிருக்கோம். 100 ஏற்றத்தில் மிச்சமாகிறது 250 நிமிஷம். ஒரு நிமிஷத்துக்கு 40 டாலர், மணிக்கு 2,400 டாலர்! லீவில் போகும்போது ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு கொடுப்பீங்களா?

அதே 10,000 டாலரை வருஷம் 7 சதவீதம் வளர்ற இடத்தில் போட்டிருந்தா, 5 வருஷத்தில் சுமார் 14,000 டாலர்.

பெட்ரோலை விட பெரிய செலவு

எல்லாரும் முதல்ல மைலேஜைத்தான் கேட்பாங்க. லிட்டருக்கு 3.4 கி.மீ கொடுத்த வண்டி 3 கி.மீ-க்கு இறங்கிச்சுன்னு வைங்க. வருஷம் 8,000 கி.மீ ஓடினா கூடுதலா 314 லிட்டர். கேலன் மூன்றரை டாலர்னா சுமார் 290 டாலர். வலிக்கும், ஆனா ஆளைச் சாய்க்காது.

சாய்க்கறது மத்த செலவுகள்:

சூடு: மசில் காரில் முழு பவரும் சில நொடிதான் தேவைப்படும். மலை ஏறும் மோட்டார்ஹோமில் பல நிமிஷம் தொடர்ந்து வேணும். கூடுதல் பவர் என்றால் கூடுதல் சூடு. ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், கியர்பாக்ஸ் கூலர் ஒவ்வொன்னா மாத்த வேண்டி வரும்.

எரிபொருள் தரம்: கம்ப்ரெஷன் கூட்டிக் கட்டின இன்ஜின் பிரீமியம் பெட்ரோல் கேட்கும். எல்எஸ்6 கம்ப்ரெஷன் 11.25. சாதாரண பெட்ரோல் போட்டு இப்படி ஒரு இன்ஜினில் பாரம் இழுத்தா 'நாக்' வந்து பிஸ்டனையே கெடுத்துடும்.

கியர்பாக்ஸ்: இன்ஜின் பலமானா, அடுத்து உடையறது அதுக்குப் பின்னாடி இருக்கிற பாகம்.

ரீசேல்: வாங்க வர்றவர் பார்க்கறது வண்டி ஓடின மைல், ரூஃபில் தண்ணி ஒழுகுதா, டயர் எவ்வளவு பழசு. உங்க பில்டுக்கு நீங்க போட்ட காசை அவர் தரமாட்டார்.

யானையைக் கட்டித் தீனி போடற கதைதான். யானை விலையை மட்டும் பார்த்து வாங்கிடக் கூடாது.

எப்போ அர்த்தம் இருக்கு?

பின்னாடி ஒரு காரையும் கட்டி இழுக்கறீங்க, அடிக்கடி மலைப் பாதை, வருஷத்தில் பல மாசம் வண்டியிலேயே வாசம்னா பவர் தேவைதான். கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கு. டர்போ இல்லாத இன்ஜின் அங்கே சுமார் 30 சதவீதம் பவரை இழந்துடும். இந்த மாதிரி ரூட்டுக்கு, பழைய பிக்-பிளாக்கை முறுக்கேத்தறதை விட, டர்போ டீசல் இன்ஜினோடவே வந்த வண்டியை வாங்கறது நல்லது. எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தா இறக்கத்திலும் காப்பாத்தும். பெட்ரோல் பெர்ஃபார்மன்ஸ் பில்டு ஏற்றத்துக்கு மட்டும்தான் உதவும்.

முதல் செலவு எங்கே?

பழைய வண்டி கையில் இருந்தா இந்த வரிசையில் போங்க: பிரேக், டயர், கூலிங் சிஸ்டம், கியர்பாக்ஸ் ஆயில். அப்புறம் தேவையில்லாத எடையை இறக்குங்க. டேங்க்கில் இருக்கிற 200 லிட்டர் தண்ணியே 200 கிலோ. மலையில் வலது லேன் பிடிச்சு, கியரைக் குறைச்சு நிதானமா ஏறுங்க. இதுக்கு ஒரு டாலர் கூட ஆகாது.

அப்போ நம்ம பதில்: மோட்டார்ஹோமுக்கு பெரிய இன்ஜின் ஓகே. ரேஸ் இன்ஜின் வேண்டாம். உங்க அடுத்த பெரிய பர்ச்சேஸ் எதுவா இருந்தாலும் இதே கேள்வியைக் கேளுங்க: "இந்த உச்ச திறனை வருஷத்தில் எத்தனை நிமிஷம் பயன்படுத்தப் போறேன்?" அந்த நிமிஷத்தால் விலையை வகுத்துப் பார்த்துட்டு, அப்புறம் இ.எம்.ஐ ஃபார்மில் கையெழுத்து போடுங்க.

இதே கணக்கை நம்ம சேனல் வீடியோவிலும் போட்டுக் காட்டியிருக்கோம். உங்க வண்டி எடை, வருஷத்துக்கு எத்தனை ஏற்றம் என்பதை மட்டும் மாத்திப் போட்டுப் பாருங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்!