அடுத்த சொல் எது?

இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் உடலில் கடைசிக் காலத்தில் அவர் சொன்னபடி கேட்ட மிகச் சில தசைகளில் கன்னத்துத் தசையும் ஒன்று. மூக்குக்கண்ணாடியில் பொருத்திய அகச்சிவப்பு உணரி அதன் துடிப்பைப் பிடிக்கும்; திரையில் வரிசையாக நகரும் எழுத்துகளில் வேண்டியது அப்படித் தேர்வாகும். 2014-இல் இன்டெல் நிறுவனம் அவருக்குப் புது மென்பொருள் அமைத்துக் கொடுத்தது. அதிலிருந்த ஸ்விஃப்ட்கீ நிரல் அவருடைய எழுத்துகளையும் உரைகளையும் படித்துப் பழகியது. ‘தி’ என்று தேர்ந்தால் ‘பிளாக்’ வந்து நிற்கும். அதைத் தேர்ந்தால் ‘ஹோல்’. தட்டச்சு வேகம் இரு மடங்கானது.

நம் செல்பேசியும் அடுத்த சொல்லை இப்படித்தான் நீட்டுகிறது. நமக்கு அது சோம்பலுக்குத் துணை, அவ்வளவே. பேச்சிழந்தவர்களுக்கு அப்படியில்லை.

ஹாக்கிங்குக்கு வந்த அதே ஏஎல்எஸ் நோயால் பேச்சிழந்த 45 வயதுக்காரர் ஒருவருக்கு, 2023-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக மருத்துவர்கள் மூளையில் 256 மின்முனைகளைப் பதித்தார்கள். இந்தக் கருவி மனத்தைப் படித்துவிடும் என்று செய்திகளில் எழுதுகிறார்கள், அப்படியில்லை. அவர் பேச முயல வேண்டும். நாக்குக்கும் உதட்டுக்கும் தாடைக்கும் மூளை இப்போதும் கட்டளை பிறப்பிக்கிறது. அதைக் கொண்டுசேர்க்கும் நரம்பணுக்கள்தாம் செத்துக்கொண்டிருக்கின்றன. கட்டளை பிறக்கும் இடத்திலேயே கருவி ஒட்டுக்கேட்கிறது.

கேட்பதும் தெளிவாக இருப்பதில்லை. ‘ப’ சொன்னாலும் ‘ம’ சொன்னாலும் உதடு மூடித்தான் திறக்கிறது. ஆகவே செயற்கை நுண்ணறிவு இரண்டு படியாக வேலை செய்கிறது. முதல் படியில், ஆங்கிலத்தின் 39 ஒலியன்களில் இது எதுவாக இருக்கலாம் என்று கணிக்கிறது. இரண்டாம் படியில், செல்பேசியைப் போலவே அடுத்த சொல்லைக் கணிக்கும் ஒரு மொழி மாதிரி அந்த ஒலிகளைப் பொருள்படும் சொற்களாகக் கோக்கிறது. முதல் நாளிலேயே 50 சொற்களுக்குள் 99.6 சதவீதம் சரியாக வந்தது. பிறகு 1,25,000 சொற்களை வைத்துக்கொண்டே துல்லியம் 97 சதவீதத்தைத் தாண்டியது. திரையில் வந்த வாக்கியத்தை, நோய்க்கு முந்தைய பதிவுகளிலிருந்து உருவாக்கிய அவருடைய குரலிலேயே கணினி வாசித்தது.

இதில் எனக்கொரு நெருடல் உண்டு. மொழி மாதிரி தேர்வது, பலரும் சொல்லக்கூடியதை. வேண்டுமென்றே கோணலாகச் சொல்லும் கேலி, குழந்தைக்கு வைத்த செல்லப்பெயர், வெறும் ‘ம்ம்’ எல்லாம் அகராதிக்கு வெளியே நிற்பவை. தமிழுக்கு இது இன்னும் பெரிய சிக்கல். ஒரே வினைச்சொல் நூற்றுக்கணக்கான உருவம் எடுக்கிற மொழிக்குச் சொற்பட்டியல் எந்த அளவுக்குப் போதும்?

அதே குழு 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு வேறு வழியில் போகிறது. எழுத்தும் இல்லை, அகராதியும் இல்லை. மூளைச் சமிக்ஞை நேரே ஒலியாகிறது, அதுவும் நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள். அதனால் அதே மனிதரால் கேள்வியைக் கேள்வியாக உயர்த்திக் கேட்க முடிந்தது. ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல முடிந்தது. எளிய மெட்டுகளைப் பாடவும் முடிந்தது. துல்லியம்தான் இறங்கிவிட்டது: கேட்டவர்களுக்கு ஏறக்குறைய 60 சதவீதச் சொற்களே புரிந்தன. கருவியில்லாத அவருடைய பேச்சில் புரிந்தது 4 சதவீதம்.

இரண்டில் எது மேல் என்று கேட்பதே தவறு என்று நினைக்கிறேன். டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்ல முதல் வழி வேண்டும். வீட்டில் நாலு பேர் பேசும்போது குறுக்கே புகுந்து ‘அதெல்லாம் கிடையாது’ என்று மறுக்க இரண்டாவதுதான் உதவும்.