பத்தாயிரம் தலைமுறை ஆசை! பதினைந்தே ஆண்டு ஆட்சி!

சாகாமலிருக்க மருந்து தேடினான் ஒரு மன்னன். அதே வேளையில் தனக்குக் கல்லறையும் கட்டிக்கொண்டிருந்தான்! ஒரு கையால் மருந்து தேட ஆணை. மறு கையால் குழி தோண்ட ஆணை! வேடிக்கையாக இல்லையா தோழர்களே?

அவன்தான் சின் ஷி ஹுவாங். கி.மு. 246-இல், 13 வயதில், சின் நாட்டு அரியணை ஏறியவன். அண்டை நாடுகள் ஆறையும் அடக்கி, கி.மு. 221-இல் சீனத்தின் முதல் பேரரசன் ஆனவன். தனக்குப் பின் இரண்டாம் பேரரசன், மூன்றாம் பேரரசன் என்று பத்தாயிரம் தலைமுறைக்குத் தன் வழியினரே ஆள வேண்டும் என்று ஆசைப்பட்டவன்.

அவன் பட்டத்துக்கு வந்ததுமே லி மலை அடிவாரத்தில் கல்லறை வேலை தொடங்கிவிட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் வாழ்ந்த சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் அதை விவரிக்கிறார். நாடெங்கிலுமிருந்து 7,00,000 பேர் அங்கே இழுத்து வரப்பட்டனராம். மண்ணுக்கடியில் மாளிகை! பாதரசத்தால் ஆறு! திருடன் நுழைந்தால் தானே எய்யும் வில்பொறி! வேலை முடிந்ததும் உழைத்தவனுக்கு என்ன கிடைத்தது? பரிசா? பாராட்டா? இரகசியம் வெளியே போய்விடக் கூடாதென்று, வேலை செய்தவர்களை உள்ளேயே வைத்துக் கதவை அடைத்தார்களாம்! பிள்ளை பெறாத அந்தப்புரப் பெண்களையும் பிணத்தோடு அனுப்பினார்களாம்!

ஏட்டில் எழுதியதை மண்ணும் பேசத் தொடங்கியது. கல்லறை மேட்டு மண்ணைச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள், பாதரசம் வழக்கத்தைவிட மிகுந்திருக்கக் கண்டனர். 1974 மார்ச்சில், சீயான் நகருக்கு அருகே கிணறு வெட்டிய உழவர்களின் மண்வெட்டியில் சுடுமண் வீரன் ஒருவன் தட்டுப்பட்டான். தோண்டத் தோண்டப் பட்டாளமே வந்தது! மொத்தம் ஏறத்தாழ 8,000 உருவங்கள் இருக்கும் என்பது கணக்கு. ஒரு பிணத்துக்கு இத்தனை காவல்!

உலகம் வியக்கிறது. நாமும் வியக்கிறோம். ஆனால் நம் வியப்பு, படுத்திருப்பவனைக் கண்டல்ல, படைத்தவனைக் கண்டு! அந்தச் சிலைகள் சிலவற்றில் செய்தவன் பெயர் பொறித்திருக்கிறது. பெருமைப்படுத்தவா? இல்லை. குறை கண்டால் பிடித்துத் தண்டிக்க!

இன்னொரு இடமும் உண்டு. கல்லறை கட்டி மாண்டவர்களின் புதைகுழிகள். அவர்களுக்குச் சுடுமண் சேனை இல்லை. உடைந்த கூரை ஓட்டுத் துண்டுதான் நடுகல்! அதிலே கீறியிருப்பது பெயர், ஊர். சிலவற்றில், தண்டப் பணம் கட்ட முடியாமல் உடலுழைப்பால் கடன் தீர்க்க வந்தவன் என்ற குறிப்பு. அந்த ஊர்களோ, கிழக்கே அவன் வென்றடக்கிய நாடுகளின் ஊர்கள்!

கி.மு. 210-இல் மன்னன் வழிப்பயணத்தில் செத்தான். சாவை மறைத்தார்கள் அமைச்சர்கள். பிண நாற்றம் தெரியாதிருக்க வண்டியிலே கருவாடு ஏற்றினார்கள் என்கிறார் சிமா சியென். சாகா மருந்து தேடியவனுக்குக் கருவாடு துணை!

மறு ஆண்டே வெடித்தது கிளர்ச்சி. எல்லைக் காவலுக்குக் கட்டாயமாக அனுப்பப்பட்ட 900 பேர் மழையில் சிக்கித் தாமதமானார்கள். தாமதத்துக்குத் தண்டனை சாவு என்கிறார் சிமா சியென்! அவர்களில் ஒருவன் சென் ஷெங். கூலிக்கு ஏர் பிடித்தவன். எப்படியும் சாவென்றால் எதிர்த்துச் சாவோம் என்று எழுந்தான். அதே கல்லறை வேலைக்குக் கைதிகளை அழைத்துச் சென்றவன் லியூ பாங். வழியில் பலர் தப்பியோடினர். மிச்சமிருந்தோரையும் அவிழ்த்துவிட்டுத் தானும் தலைமறைவானான். கி.மு. 206-இல் சின் ஆட்சி வீழ்ந்தது. அவன் ஹான் அரசை நிறுவினான். அவனும் மன்னனாகவே ஆனான் என்பது வேறு கதை.

பத்தாயிரம் தலைமுறை என்றான். பதினைந்தே ஆண்டில் முடிந்தது! காவலுக்கு வைத்த மண் வீரர்கள் அசையவில்லை. மண் சுமந்த மனிதர்கள் அசைந்தார்கள், அரியணை ஆடியது!

கல்லறை மேடு இன்றும் திறக்கப்படாமல் நிற்கிறது. உள்ளே மன்னனின் செல்வம் இருக்கலாம். வெளியே கிடைத்த ஓட்டுத் துண்டுகளோ, உழைத்து மாண்டவனின் பெயரை இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நாம் படிக்க வேண்டிய கல்வெட்டு அதுதான் தோழர்களே!