சொந்த வண்டி எடுக்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு



"எத்தனை நாளைக்குச் சம்பளத்துக்கே வண்டி ஓட்டுவது? சொந்தமாக ஒன்று எடுத்தால் என்ன?" காந்தி மார்க்கெட், பால்பண்ணை, ஸ்ரீரங்கம் என்று லோடு ஓட்டும் நம் சகோதரர்கள் பலரின் கேள்வி இது. ஆசை நல்லதுதான். வேலையை விடும் முன் வீட்டாருடன் உட்கார்ந்து இந்தக் கணக்குகளைப் பாருங்கள்.

கையில் நிற்பது எவ்வளவு? உதாரணத்துக்கு, மாத வாடகை 60,000 ரூபாய் என்று வைப்போம். டீசல் 24,000, தவணை 16,000, கமிஷனும் ஏற்றுக்கூலி இறக்குக்கூலியும் 4,000, டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ், எஃப்.சி.க்கு ஒதுக்குவது 6,000. மிச்சம் 10,000தான். தவணை முடிந்த பிறகு இதுவே 26,000 ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க முடியுமா என்பதே கேள்வி. லோடு இல்லாத மாதத்திலும் தவணை நிற்காது. ரிட்டர்ன் லோடு கிடைக்காவிட்டால் டீசல் கைக்காசு. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

விட்டுப்போவது என்ன? பி.எஃப். பிடித்தம் இருந்தால், 10 ஆண்டு சேவை முடிந்தவருக்கே மாத பென்ஷன் உரிமை உண்டு. ஒன்பதாம் ஆண்டில் இருப்பவர் கொஞ்சம் பொறுப்பது நல்லது. இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியும் நின்றுபோகும். எனவே அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள்; முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குத் தகுதி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

எந்த வண்டி? மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத குட்டியானை போன்ற சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதி செய்தது. எஃப்.சி. 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும். பழைய வண்டி என்றால் ஆர்.சி., வரி, அபராத நிலுவை, ஃபைனான்ஸ் பாக்கி எல்லாவற்றையும் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

பணம் எங்கிருந்து? வட்டியைத் தவிர்க்க விரும்புபவர்கள் உறவினருடன் கூட்டு சேரலாம். ஒருவர் முதல் போட, மற்றவர் உழைக்க, லாபத்தைப் பேசிய விகிதத்தில் பிரிப்பது முளாரபா. உழைப்பவர் மீது தவறு இல்லாதபோது நஷ்டம் முதல் போட்டவருடையது. சொந்தக்காரர்தானே என்று வாய்ப்பேச்சில் விட வேண்டாம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். விகிதம், காலம், விலகும் முறை மூன்றையும் எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. மூன்று மாத வீட்டுச் செலவும் தவணையும் கையில் சேரும்வரை ராஜினாமா எழுத வேண்டாம். நிரந்தரமாக லோடு தரும் இரண்டு மண்டிக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அதன்பின் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்து இறங்குங்கள். உங்கள் உழைப்பில் அவன் பரக்கத் செய்வானாக!